நான் பொறக்கறதுக்கு முன்னாடி நான் பார்த்த குரங்கு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். நடுவுல வந்த 'ஆங்', 'அது வந்து' எல்லாம் வெட்டியாச்சு. எங்க வீட்டு ஆளுங்க பேசினதை மட்டும் அவங்க பேசின மாதிரியே விட்டிருக்கேன்.)

போன எபிசோட் முழுக்க மெஷின் மெமரி பத்திப் பேசினோம். ரேம், கேஷ், டிஸ்க்னு கொஞ்சம் வறண்டுதான் போச்சு, ஒத்துக்கறேன். இன்னைக்கு மனுஷ மெமரி. அதுலயும் ஒரே ஒரு விஷயம்: எல்லார் வீட்லயும் ஒரு காமெடிக் கதை இருக்கும் இல்லையா, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்க எல்லாம் சேர்ந்துக்கற கதை, அது ஏன் இத்தனை வருஷம் சூடு ஆறாம இருக்கு?

எங்க வீட்டுக் கதைல இருந்தே ஆரம்பிக்கறேன்.

கதை

எங்க அம்மா ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மே மாச லீவுக்கு அப்புச்சி குடும்பத்தோட மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போறாரு. அம்மிச்சி விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு, நாலடுக்கு டிபன் கேரியர்ல சாப்பாடு கட்டியிருக்காங்க. அந்தக் கேரியர் அம்மிச்சிக்குக் கல்யாணத்துல சீரா வந்தது. ஒவ்வொரு அடுக்குலயும் புள்ளி புள்ளியாப் பேர் வெட்டியிருக்கும்.

அந்த ரயில்ல போனவங்களுக்குத் தெரியும். கல்லார் தாண்டினதும் பல்சக்கரத் தண்டவாளத்துல மெதுவா ஏறும், நடுவுல இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிக்கும். அப்படி நிக்கற இடத்துல ஒண்ணு ஹில்குரோவ். ஜனங்க இறங்கி டீ குடிப்பாங்க. அங்க ஜனங்களை விடக் குரங்குங்க ஜாஸ்தி.

அப்புச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து கேரியரைத் திறக்கறாரு. ஒரு குரங்கு வந்து மேலடுக்கைத் தூக்கிட்டுப் போய் எதிர்த்தாப்புல கைப்பிடிச் சுவர்ல உட்கார்ந்துருச்சு. மத்தவங்க கத்தறாங்க. அப்புச்சி மட்டும் கத்தல. ஜன்னல்ல இருந்து தலையை நீட்டி, சம்பந்தி வீட்டு ஆளுங்ககிட்டப் பேசற மாதிரி சொன்னாராம்:

"ஏனுங் சாமி, சோத்தத் தாராளமாத் தின்னுக்கோங்க. அந்தப் போசிய மட்டும் இப்பிடிக் குடுத்துருங்க. அது எங்கூட்டம்மா சீர்ல வந்ததுங்க. அதில்லாம நான் கீழ எறங்க முடியாதுங்க. அப்புறம் நானும் உங்ககூடவே இங்கியே இருந்துக்க வேண்டீதுதானுங்க."

குரங்கு பொறுமையாக் கேட்டுச்சாம். சாப்பிட்டு முடிச்சுது. போசியைப் பள்ளத்துல வீசிட்டுப் போயிருச்சு.

இது என் குழந்தைப் பருவத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச நினைவு. நான் அப்புச்சி மடியில உட்கார்ந்திருக்கேன். தலையில மங்கி கேப். முன்னாடி இருக்கற இன்ஜின்ல இருந்து கரிப்புகை வந்து கண்ணுல படுது. குரங்கோட கையில இருந்த முடி வரைக்கும் ஞாபகம் இருக்கு.

ஒரே ஒரு பிரச்சனை. அது நடந்தது 1994 மே மாசம். நான் பொறந்தது 1997.

ஃபோட்டோ

இது எனக்குத் தெரிய வந்தது 2021 லாக்டவுன்ல. வொர்க் ஃப்ரம் ஹோம்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு அம்மிச்சி ஊருக்குப் போயிட்டேன். பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம்னு ஒரு ஆசை, அதனால டெஸ்ட் ரெக்கார்டிங்குக்கு அப்புச்சியைப் பிடிச்சு உட்கார வெச்சு, "அந்தக் குரங்குக் கதையச் சொல்லுங்க அப்புச்சி"ன்னேன். அவர் சொல்லச் சொல்ல, நான் நடுவுல, "அப்ப நான் உங்க மடியில இருந்தேன் இல்லீங்க?"ன்னு கேட்டேன்.

அம்மிச்சி சமையல்கட்டுல இருந்து சிரிச்சாங்க. "நீ ஏது கண்ணு அப்ப? அது உங்கண்ணன்."

பெரியம்மா பையன். அப்ப அவனுக்கு நாலு வயசு. நான் நம்பல. ஆல்பத்தை எடுத்தேன். மடியில மங்கி கேப் போட்ட குழந்தை இருக்கற அந்த ஃபோட்டோவை ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். ஓரத்துல ஆரஞ்சுக் கலர்ல தேதி இருக்கு, '94'னு. இத்தனை நாள் அது என் கண்ணுலயே படல.

இன்னொரு ஆதாரமும் இருந்துச்சு, அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. மேட்டுப்பாளையம் குன்னூர் வழியில மேல ஏறும்போது நீராவி இன்ஜின் முன்னாடி இருக்காது. பின்னாடி இருந்து தள்ளும். 1899ல அந்த ரயில் குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பிச்ச காலத்துல இருந்தே அப்படித்தான். என் 'நினைவு'ல இன்ஜினை முன்னாடி கொண்டுபோய் மாட்டுனது நான்தான். ஏதோ சினிமாவுல பார்த்த ரயிலா இருக்கணும்.

சிரிப்பா இருக்கும் உங்களுக்கு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இது பொய்னா வேற என்னென்ன பொய்?

ஏன் இப்படி ஆகுது?

அப்புறம் படிக்க ஆரம்பிச்சேன். முதல் ஆறுதல், நான் தனி ஆள் இல்ல.

1995ல அமெரிக்காவுல எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. 24 பேர். ஒவ்வொருத்தர் வீட்லயும் கேட்டு, சின்ன வயசுல நிஜமா நடந்த மூணு சம்பவங்களை வாங்கிக்கிட்டாங்க. அதோட நாலாவதா ஒண்ணை அவங்களே சேர்த்தாங்க: 'அஞ்சு வயசுல நீ கடை வளாகத்துல தொலைஞ்சு போயிட்ட, ஒரு வயசான ஆள் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்து விட்டாங்க.' அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. ஆனா கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர், "ஆமா, ஞாபகம் இருக்கு"ன்னு முழுசாவோ பாதியாவோ ஒத்துக்கிட்டாங்க. 24 பேர் ரொம்பக் கம்மின்னு அதுமேல விமர்சனம் வந்துச்சு. 2023ல 123 பேரை வெச்சு அதே சோதனையைத் திரும்பச் செஞ்சு வெளியிட்டாங்க. அதுல 35 சதவீதம்.

2002ல நியூசிலாந்துல கிம்பர்லி வேடும் கூட இருந்தவங்களும் ஃபோட்டோவை வெச்சுச் செஞ்சாங்க. 20 பேரோட சின்ன வயசு ஃபோட்டோவை வெட்டி, வெப்பக்காற்று பலூன்ல பறக்கற மாதிரி ஒட்டிக் காமிச்சாங்க. மூணாவது தடவை கேக்கும்போது பாதிப் பேருக்கு பலூன்ல பறந்தது 'ஞாபகம்' வந்துருச்சு.

என் கேஸ்ல ரெண்டுமே இருக்கு பாருங்க. வீட்டு ஆளுங்க வருஷா வருஷம் சொன்ன கதை ஒண்ணு, மங்கி கேப் ஃபோட்டோ ஒண்ணு. யாரும் என்னை ஏமாத்தல. நானே ஒட்டிக்கிட்டேன்.

நிஜமாவே நமக்கு எந்த வயசுல இருந்து ஞாபகம் இருக்கும்? பெரும்பாலானவங்களுக்கு முதல் நினைவு மூணு, மூணரை வயசுலதான். அதுக்கு முன்னாடி நடந்ததைக் கோர்த்து வைக்கற ஹிப்போகேம்பஸ் இன்னும் முதிர்ந்திருக்காது, நடந்ததைச் சொல்லிப் பாக்கறதுக்கு மொழியும் இருக்காது. ஆனா 2018ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, 6,641 பேர்கிட்ட முதல் நினைவைக் கேட்டப்போ, 38.6 சதவீதம் பேர் ரெண்டு வயசு, அதுக்கும் முன்னாடி நடந்ததைச் சொன்னாங்க. அதுல நிறையக் கற்பனைன்னுதான் ஆய்வாளர்கள் முடிவு பண்ணாங்க. ஃபோட்டோவும் வீட்டுப் பேச்சும் சேர்ந்து உருவாக்கின நினைவுகள்.

அதாவது, உங்க முதல் நினைவுன்னு நீங்க பத்திரமா வெச்சிருக்கறது, உங்க அம்மாவோட நினைவா இருக்கலாம். அவங்க சொல்லி நீங்க வாங்கிக்கிட்டது.

நாலு பேர், நாலு குரங்கு

சரி, நான் அங்க இல்ல. இருந்தவங்களாவது சரியாச் சொல்வாங்க இல்லையா? எஞ்சினியர் புத்தி. லாக் ஃபைலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துரலாம்னு எல்லாரையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணேன்.

அப்புச்சி: இடம் ஹில்குரோவ். போனது அரிசிம்பருப்பு சாதம். குரங்குகிட்ட அவர் மரியாதையாப் பேசுனாரு.

அம்மிச்சி: "அரிசிம்பருப்பு அடியடுக்குல பத்திரமா இருந்துச்சு. போனது ஒப்புட்டு. பேசுனாராமா, பேசி! கொரங்கு ஜன்னல்ல கைய வெச்ச ஒடனே ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வெச்சுட்டு என்னையப் பாத்தாரு. எல்லாம் அது போனதுக்கப்புறம் பேசுனது."

மாமா: அவருக்கு அப்ப பதினேழு வயசு. இடம் ஹில்குரோவே இல்ல, குன்னூர் ஸ்டேஷன். அவர் குச்சியை எடுத்துக்கிட்டு அந்தக் குரங்கைத் தண்டவாளத்துல துரத்துனாராம். வேற யாரு சொன்ன கதையிலயும் இந்தக் குச்சி இல்ல.

பெரியம்மா: "கொரங்கு வந்தது நெசம். ஆனா போசியத் தூக்குனது கொரங்கில்ல. ஒப்புட்டுன்னா உங்க மாமனுக்கு உசுரு. மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்துலயே ஒரு அடுக்கத் தூக்கிட்டுப் போயித் தின்னுட்டு, அங்கியே வெச்சுட்டு வண்டி ஏறிட்டான். நல்லவேளைக்குக் கொரங்கு வந்துச்சு. பழி கொரங்கு மேல."

நாலு பேரும் பொய் சொல்லல. பெரியம்மா சொல்றது உண்மைன்னா மாமா மட்டும் சொல்றாரு, அதை விட்ருவோம். ஆனா இருபத்தேழு வருஷத்துல அவங்கவங்க கதையை அவங்கவங்க நம்ப ஆரம்பிச்சுட்டாங்க.

இதை முதல்ல அழகாக் காட்டினவர் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஃபிரெடெரிக் பார்ட்லெட். 1932ல அவர் எழுதின புத்தகத்துல, வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒண்ணை இங்கிலாந்து ஆளுங்ககிட்டக் கொடுத்து, நாள் கழிச்சு, மாசம் கழிச்சுத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. கதை சுருங்குச்சு. புரியாத பகுதி காணாம போச்சு. அவங்களுக்குப் பழக்கமில்லாத மரத்தோணி, சாதாரணப் படகா மாறிடுச்சு. மனசு கதையை அப்படியே வெச்சுக்கல, தனக்குத் தெரிஞ்ச சாமானை வெச்சுத் திரும்பக் கட்டுது.

மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு காட்ட 2000ல நியூயார்க்ல கரீம் நாடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ செஞ்ச எலிச் சோதனை பிரபலம். ஒரு சத்தம் கேட்டா ஷாக் அடிக்கும்னு எலிக்குப் பழக்கிட்டாங்க. நினைவு கெட்டியாயிடுச்சு. அப்புறம் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேக்க வெச்சு, அந்தச் சமயத்துல அமிக்டலாங்கற பகுதியில புதுப் புரதம் உருவாகாம தடுக்கற மருந்தைச் செலுத்தினாங்க. எலி அந்தப் பயத்தை விட்டுருச்சு. சத்தத்தைக் கேக்க வைக்காம மருந்தை மட்டும் கொடுத்தா பயம் அப்படியே இருந்துச்சு. அதாவது ஒரு நினைவை வெளிய எடுக்கும்போது அது கொஞ்சம் இளகுது, திரும்ப இறுகித்தான் உள்ள போகுது. மனுஷங்ககிட்ட இது எவ்வளவு தூரம் பொருந்தும்னு இன்னும் வாதம் நடந்துட்டு இருக்கு.

நம்ம பாஷையில சொன்னா, ரீட் ஒன்லி ஃபைல்னு ஒண்ணு மனசுல கிடையாது. ஒவ்வொரு தடவை ஓப்பன் பண்ணும்போதும் சேவ் ஆகுது. பேக்கப் கிடையாது, பழைய வெர்ஷனும் கிடையாது. அதிகமாச் சொன்ன கதைதான் அதிகமா மாறியிருக்கும். அப்புச்சி அந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பாரு. அவர் பேசின வசனம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வரி நீண்டிருக்கும்.

அப்புறம் ஏன் சூடு ஆறல?

எனக்குக் குழப்பமே இங்கதான். நான் அங்க இல்ல, இருந்தவங்க சொல்றதும் ஒத்துப் போகல. அப்படியிருந்தும் அந்தக் கதையைக் கேட்டா நெஞ்சுக்குள்ள ஏதோ இதமா இருக்கு. அந்த இதம் எங்க இருந்து வருது?

பழைய நினைப்புல ஏங்கறதுக்கு நாஸ்டால்ஜியான்னு பேர் வெச்சது 1688ல, யோஹன்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவர். வியாதின்னுதான் வெச்சாரு. வெளியூர்ல இருந்த சுவிஸ் ஆளுங்க ஊர் நினைப்புல உடம்பு கெட்டுப் போறாங்கன்னு. அது ரொம்ப நாள் நோய்க் கணக்குலயேதான் இருந்துச்சு. 2006க்கு அப்புறம் இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் குழு இதைத் தலைகீழாப் பார்த்தாங்க. தனிமையா உணரும்போது ஜனங்க பழைய நினைப்புக்குப் போறாங்க, போனா மத்தவங்களோட ஒட்டுதல் கூடுதுன்னு காட்டினாங்க.

2012ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஷின்யூ ஜோவும் மத்தவங்களும் செஞ்சது. குளிரான அறையில உட்கார வெச்சவங்களுக்குப் பழைய நினைப்பு அதிகமா வந்துச்சு. பழைய நினைப்புல இருந்தவங்களுக்கு அதே அறை கொஞ்சம் சூடாத் தெரிஞ்சுது. ஐஸ் தண்ணியில கையை வெச்சிருக்கச் சொன்னா, அவங்க மத்தவங்களை விட அதிக நேரம் தாங்கினாங்க. சின்னச் சின்ன சோதனைகள்தான், இதை வெச்சு ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்றாதீங்க. ஆனா 'இதமான நினைவு'ங்கறது வெறும் வர்ணனை மட்டும் இல்ல போல.

எனக்கு நேரடியாப் பதில் கிடைச்சது இன்னொரு இடத்துல. அட்லான்டாவுல எமரி பல்கலைக்கழகத்துல மார்ஷல் ட்யூக், ராபின் ஃபிவுஷ்னு ரெண்டு உளவியலாளர்கள். 2001ல சுமார் நாலு டஜன் குடும்பங்களோட பேசினாங்க, அவங்க சாப்பாட்டு மேசைப் பேச்சையும் பதிவு செஞ்சாங்க. பசங்களுக்கு 20 கேள்வி. 'உங்க தாத்தா பாட்டி எங்க வளர்ந்தாங்கன்னு தெரியுமா? உங்க அம்மா அப்பா எங்க சந்திச்சாங்க? உனக்கு ஏன் இந்தப் பேர்? வீட்ல நடந்த ஒரு பெரிய கஷ்டம் தெரியுமா?' தெரியும், தெரியாது, அவ்வளவுதான் பதில். அதிகமாத் தெரிஞ்ச பசங்களுக்குத் தன்மேல நம்பிக்கையும், தன் வாழ்க்கை தன் கையில இருக்குங்கற எண்ணமும் அதிகமா இருந்துச்சு.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, இந்தப் பதிலை எல்லாம் மனப்பாடம் பண்ணினா தைரியம் வந்துராது. ட்யூக்கே அதைச் சொல்லியிருக்காரு. பதில் தெரியுதுன்னா, அதுக்குப் பின்னாடி யாரோ உட்கார்ந்து சொல்லியிருக்காங்க, குழந்தை உட்கார்ந்து கேட்டிருக்கு. உதவி பண்றது அந்த உட்கார்றதுதான்.

ரெண்டு, அந்தக் கேள்விகளை வேணும்னேதான் அப்படித் தேர்ந்தெடுத்தாங்க: குழந்தை தானே பார்த்துத் தெரிஞ்சிருக்க முடியாத விஷயங்கள். அது பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. யாராவது சொன்னாத்தான் தெரியும்.

இதைப் படிச்சதும் எனக்கு 1994 பத்தின வருத்தம் பாதி போயிருச்சு. அங்க இல்லாதவனை உள்ள இழுத்து உட்கார வைக்கறதுக்குத்தானே வீட்ல கதை சொல்றாங்க. நான் கொஞ்சம் ஓவரா உள்ள போய் மடியிலயே உட்கார்ந்துட்டேன், அவ்வளவுதான்.

குசும்பும் மரியாதையும்

இங்க நம்ம ஊர் விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்தக் கதைல சிரிப்பு எங்க இருக்கு? குரங்கு சோறு திருடறது எல்லா ஊர்லயும் நடக்கும். அப்புச்சி அதை 'நீங்க, வாங்க'ன்னு கூப்பிட்டதுலதான் சிரிப்பு.

கோயம்புத்தூர்க் குசும்புன்னு சொல்றோமே, அதோட டெக்னிக்கே இதுதான்னு நினைக்கறேன். மரியாதை குறையாமத் திட்டணும். "ஏனுங் மாப்ள, நேரமே எந்திரிச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்"ன்னு பதினொரு மணிக்கு ஒரு மாமனார் கேட்டா, அதுல ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது, ஆனா மாப்ள அடுத்த நாள் ஆறு மணிக்கு எந்திரிப்பாரு. பேரனைக் கூட 'சாமி', 'வாங்க கண்ணு'ன்னு கூப்பிடற ஊர். அதனால குரங்கை 'சாமி'ன்னு கூப்பிட்டது ஆஞ்சநேயரையா, பேரனையா, கிண்டலான்னு பிரிக்க முடியாது. மூணும்தான்.

சினிமாவுல உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்துக் கவுண்டமணி பேசினப்போ, 1995ல 'சதி லீலாவதி'யில கமலும் கோவை சரளாவும் பேசினப்போ, தமிழ்நாடு முழுக்கச் சிரிச்சுது. எங்க வீட்டுல சிரிச்சதுக்குக் காரணம் வேற. டிவியில எங்க பெரியம்மா பேசற மாதிரியே யாரோ பேசறாங்களேன்னுதான்.

கதையோட சேர்ந்து சொல்லும் வந்துருது. நான் ஆபீஸ்ல போசின்னு சொல்ல மாட்டேன், பாத்திரம்னு கூடச் சொல்றதில்ல, பாக்ஸ்னுதான் சொல்றேன். பொடக்காணி, ஆசாரம், அட்டாலி எல்லாம் என் அபார்ட்மென்ட்ல கிடையாது, அதனால சொல்ல வாய்ப்பும் இல்ல. எழுத்தாளர் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஒரு அகராதியே போட்டிருக்காரு. அதுல தேடி ஒரு சொல்லோட பொருளைத் தெரிஞ்சுக்கலாம். ஆனா அந்தக் குரங்குக் கதைல 'போசி'க்குப் பதிலா 'பாக்ஸ்'னு வெச்சுச் சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. கதை இருக்கற வரைக்கும் அந்தச் சொல்லுக்கு எங்க வீட்டுல ஒரு வேலை இருக்கு.

சுவர்

ஏ.கே. ராமானுஜன் தொகுத்து 1991ல வந்த இந்திய நாட்டுப்புறக் கதைகள் புத்தகத்துல ஒரு தமிழ்க் கதை இருக்கு. மகன்களும் மருமகள்களும் கொடுமைப்படுத்தற ஒரு விதவைத் தாய். மனக்குறையைச் சொல்ல ஆள் இல்ல. சொல்லாமலே வெச்சு வெச்சு உடம்பு பெருத்துக்கிட்டே போகுது. ஒரு நாள் பாழடைஞ்ச வீட்டுக்குள்ள போய், ஒவ்வொரு சுவர்கிட்டயும் ஒவ்வொருத்தரைப் பத்திச் சொல்றாங்க. சொல்லி முடிக்க முடிக்க அந்தச் சுவர் பாரம் தாங்காம இடிஞ்சு விழுது. அவங்க உடம்பு லேசாகுது.

இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசியில அப்புச்சி போயிட்டாரு.

அதுக்கப்புறம் அம்மிச்சி கதை சொல்றதையே நிறுத்திட்டாங்க. துக்கம்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். 2021 ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேட்டப்போதான் எனக்கு வேற ஒண்ணு புரிஞ்சுது. பதினாலு நிமிஷத்துல அப்புச்சி தனியாப் பேசினது ரொம்பக் கம்மி. அவர் ஆரம்பிக்கறாரு, அம்மிச்சி திருத்தறாங்க. அவர் ஊர் பேரை மறக்கறாரு, அம்மிச்சி எடுத்துக் கொடுக்கறாங்க. அம்மிச்சிக்கு வருஷம் மறக்குது, அவர் சொல்றாரு. டேனியல் வெக்னர்னு ஒரு உளவியலாளர் 1985ல இதுக்கு ஒரு பேர் வெச்சாரு. சேர்ந்து வாழறவங்க ஞாபகத்தைப் பிரிச்சு வெச்சுக்கறாங்க, பாதி இவங்ககிட்ட, பாதி அவங்ககிட்டன்னு. எங்க துறையில டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்னு சொல்வோமே, அது மாதிரி. ஒரு சர்வர் போயிட்டா மத்ததுல இருக்கறதும் பாதிதான்.

அம்மிச்சிக்குக் கதை மறக்கல. சண்டை போட ஆள் இல்ல.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஆசாரத்துல பாய் போட்டுப் படுத்திருந்தோம், அண்ணனோட பொண்ணும் இருந்தா, அஞ்சு வயசு. அவ "கதை சொல்லுங்"ன்னு நச்சரிச்சா. அம்மிச்சி ரொம்ப நாள் கழிச்சு ஆரம்பிச்சாங்க. மேட்டுப்பாளையம், ரயில், டிபன் கேரியர், குரங்கு வந்துச்சு, தூக்கிட்டுப் போயிருச்சு. அங்க நின்னுட்டாங்க. அடுத்தது அப்புச்சி பேச வேண்டிய இடம்.

ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் நான்தான் சொன்னேன். "ஏனுங் சாமி, சோத்தத் தாராளமாத் தின்னுக்கோங்க..."

முழுசாச் சொல்லி முடிச்சேன். குழந்தை விழுந்து விழுந்து சிரிச்சா. அம்மிச்சி இருட்டுல, "பேசுனாராமா, பேசி. காலத் தூக்கி சீட்டு மேல வெச்சுட்டு உட்காந்திருந்தாரு"ன்னாங்க.

நீங்க என்ன செய்யலாம்

எபிசோட் முடியறதுக்கு முன்னாடி, என் அனுபவத்துல நாலு விஷயம்.

முதல்ல, ஒருத்தரை மட்டும் ரெக்கார்ட் பண்ணாதீங்க. ரெண்டு பேரைச் சேர்த்து உட்கார வைங்க, முடிஞ்சா சண்டை போடற ஜோடியா. தனித்தனியாப் பேசினப்போ எனக்குக் கிடைச்சது தகவல். சேர்ந்து பேசினப்போதான் கதை கிடைச்சுது.

ரெண்டாவது, "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா "என்னத்தச் சொல்றது, எல்லாம் பொழப்புதான்"னு முடிச்சுருவாங்க. ஒரு சாமானைக் கையில எடுத்துட்டுப் போய்க் கேளுங்க. பழைய ஃபோட்டோ, சந்தகை அச்சு, பேர் வெட்டின ஏதோ ஒரு பாத்திரம்.

மூணாவது, திருத்தாதீங்க. வருஷம் தப்பா இருக்கும், இன்ஜின் தப்பான பக்கம் இருக்கும். இருக்கட்டும். சொத்துப் பத்திரத்துக்கோ வைத்தியத்துக்கோ வேண்டிய தகவல்னா மட்டும் காகிதத்தைப் பார்த்துச் சரிபாருங்க, அதுக்கு நினைவை நம்பாதீங்க.

நாலாவது, ரெக்கார்டிங்கை வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கிறாதீங்க. நானும் அந்தப் பதினாலு நிமிஷத்தை மூணு இடத்துல பேக்கப் எடுத்து வெச்சிருந்தேன். அது ஃபோல்டர்லயே கிடந்துச்சு. பொங்கல் ராத்திரியில வாயைத் திறந்து சொன்னப்போதான் அது வேலை செஞ்சுது.

கடைசியா ஒரு அப்டேட். அந்தப் பொங்கலுக்கு மறுநாள் அட்டாலியில ஏறித் தேடினேன். டிபன் கேரியர் இருக்கு. சட்டத்துல நாலு அடுக்குக்கு இடம், ஆனா மூணு அடுக்குதான் இருக்கு. ஆக, ஒரு போசி நிஜமாவே போயிருக்கு. அது ஹில்குரோவ் பள்ளத்துல கிடக்குதா, மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்துலயே போச்சான்னு மாமாகிட்ட ஃபோன் பண்ணிக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல கொரங்கெல்லாம் நல்லா ஒப்புட்டுத் திங்குமுடா"ன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சுட்டாரு.

அடுத்த வாரம் பாக்கலாம். உங்க வீட்டுக் குரங்குக் கதை எதுவோ, இந்த ஞாயித்துக்கிழமை யார்கிட்டயாவது கேளுங்க. வரட்டுங்களா.